வாசற்படியோடு நின்றுவிடும் தூய்மை

வீட்டைப் பெருக்கித் துடைத்து, பாத்திரங்களைப் பளபளக்கத் துலக்கி வைப்பதில் நம் இல்லத்தரசிகளை விஞ்ச ஆளில்லை. ஐந்து வேளையும் உளூச் செய்து தொழுகைக்கு நிற்கின்ற சமுதாயம் நம்முடையது. உடையில் ஒரு துளி அசுத்தம் பட்டாலும் அதைக் கழுவாமல் தொழமாட்டோம். ஆகவே தூய்மையைப் பற்றி நமக்கு எவரும் பாடம் சொல்லத் தேவையில்லை என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம். அந்த எண்ணத்தைத்தான் இக்கட்டுரை மறுக்க வருகிறது.

நம் தூய்மை எங்கே தொடங்குகிறது என்பது நமக்கு நன்றாகத் தெரியும். அது எங்கே முடிகிறது என்பதை மட்டும் நாம் பார்ப்பதில்லை. அது வாசற்படியிலே முடிந்துபோகிறது. படிக்கு உள்ளே கிடந்தால் குப்பை. படியைத் தாண்டிவிட்டால் அது மாநகராட்சியின் சொத்து! குளியலறைத் துவாரத்தில் இறங்கும்வரைதான் அது நம் வீட்டுக் கழிவுநீர். இறங்கிய பிறகு அதற்கும் நமக்கும் உறவில்லை. பெருக்கிய குப்பை எந்த ஊருக்குப் போகிறது, யாருடைய கையால் போகிறது, கழிவுநீர் அடைத்துக்கொண்டால் அதை எடுப்பதற்கு யாருடைய மூச்சு அடைபடுகிறது என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்?

தன்னிடமுள்ள அழுக்கை எடுத்து அடுத்தவன் தலைமேல் வைப்பதற்குத் தூய்மை என்று எந்த அகராதியிலும் பெயரில்லை. மார்க்கத்திலும் இல்லை.

இது தமிழகத்தின் எல்லா ஊர்களுக்கும் பொருந்துகின்ற பேச்சுத்தான். ஆயினும் ஓர் ஊரை முன்னிறுத்திப் பேசினால்தான் பேச்சு காற்றோடு போகாமல் நிற்கும். எனவே தலைநகரத்தையே எடுத்துக்கொள்வோம். மண்ணடியிலும் திருவல்லிக்கேணியிலும் இராயப்பேட்டையிலும் பெரியமேட்டிலும் தலைமுறை தலைமுறையாக நம்மவர்கள் வாழ்கிறார்கள். காயல்பட்டினத்திலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் ஆம்பூர், வாணியம்பாடியிலிருந்தும் வணிகத்தின் பொருட்டு வந்து வேரூன்றிய குடும்பங்களும் பல. சென்னையின் அழுக்கில் நமக்குப் பங்கு உண்டு. ஆகவே அதற்குரிய பொறுப்பிலும் பங்கு உண்டு.

குப்பை போகும் ஊர்

சென்னை மாநகராட்சி 1688ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. இந்தியாவின் மிகப் பழைய மாநகராட்சி என்ற பெருமை அதற்கு உண்டு. 2011இல் புறநகர்ப் பகுதிகள் சேர்க்கப்பட்டு 426 சதுர கிலோமீட்டராக விரிந்த அந்த மாநகரம், நாளொன்றுக்கு 5,000 டன்னுக்கும் மேற்பட்ட குப்பையை வெளியே தள்ளுகிறது. ஒரு லாரி 5 டன் சுமக்கும் என்று வைத்துக்கொண்டால், நாள்தோறும் ஆயிரம் லாரிகள்! அந்தக் குப்பை மாயமாக மறைந்துவிடுவதில்லை. வடக்கே கொடுங்கையூருக்கும் தெற்கே பெருங்குடிக்கும் போய்ச் சேர்வதே பல்லாண்டு வழக்கமாக இருந்துவந்திருக்கிறது. இரண்டும் தனித்தனியே 200 ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பில் மலைபோல் எழுந்தவை.

பெருங்குடிக் குப்பைமேடு எங்கே எழுந்தது தெரியுமா? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் மீது. மழை வெள்ளத்தை உறிஞ்சிக்கொண்டு தென்சென்னையைக் காக்க இறைவன் அமைத்த பாத்திரம் அது. நாடு கடந்து பறந்து வருகின்ற பறவைகளுக்குத் தங்குமிடம். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களைப் பாதுகாக்கும் ராம்சார் பட்டியலில் 2022ஆம் ஆண்டு அது இடம்பெற்றது. அதே 2022ஆம் ஆண்டு ஏப்ரல் மாத இறுதியில் பெருங்குடிக் குப்பைமேடு தீப்பற்றி நாள்கணக்கில் புகைந்தது. உலகம் மதிக்கின்ற ஓர் ஈரநிலத்தின் மடியில் நம் வீட்டுச் சோற்றுப் பருக்கையும் பிளாஸ்டிக் பையும் எரிந்துகொண்டிருந்தன.

குப்பை தானாக ஏன் எரிகிறது? காய்கறித் தோலையும் மீன் செதிலையும் மிஞ்சிய சோற்றையும் பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டி எறிகிறோம். அது மேட்டுக்குள் புதைந்து, காற்றுப் புகாமல் அழுகுகிறது. அவ்வாறு அழுகும்போது மீத்தேன் என்னும் எரிவாயு பிறக்கிறது. ஒரு பொறி பட்டால் போதும். அழுகியதிலிருந்து வடிகின்ற கருநிறச் சாறு மண்ணில் இறங்கி நிலத்தடி நீரைக் கெடுக்கிறது. நகரக் குப்பையில் பாதிக்கு மேல் இவ்வாறு மக்கக்கூடிய பொருள்தான். அதைத் தனியே பிரித்து வைத்தால் உரமாகும், மண்ணுக்கு உணவாகும். மற்றதோடு கலந்துவிட்டால் இரண்டும் கெட்டு நஞ்சாகும். உரத்துக்கும் நஞ்சுக்கும் இடையிலுள்ள தூரம், நம் சமையலறையில் இரண்டு வாளிகள் வைக்கின்ற தூரம்தான்.

குப்பையை முறைப்படி அப்புறப்படுத்துவதற்கு மத்திய அரசு முதன்முதலாக விதிகள் வகுத்தது 2000ஆம் ஆண்டில். 2016இல் வந்த விதிகள், குப்பை பிறக்கின்ற வீட்டிலேயே அதைப் பிரித்துத் தரவேண்டும் என்று ஒவ்வொரு வீட்டாருக்கும் கடமை விதித்தன. மக்குவது ஒன்று, மக்காதது ஒன்று, பழைய பாட்டரி, மருந்து போன்ற தீங்கு தருவது ஒன்று என மூன்று வகை. கைக்குழந்தையின் டயபர் முதலியவற்றைத் தனியே பொதிந்து தரவேண்டும் என்றுகூட அவற்றில் எழுதியிருந்தது. இத்தனை ஆண்டு கழிந்தும் நம் தெருக்களில் எத்தனை வீடுகளில் இரண்டு வாளிகள் இருக்கின்றன? எண்ணிப் பார்க்க ஒரு கைவிரல்கள் போதும் என்றால், வெட்கப்படவேண்டியவர் யார்?

கொடுங்கையூரில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை அமைக்கும் திட்டத்தை எதிர்த்து 2025ஆம் ஆண்டு வடசென்னை மக்கள் வீதிக்கு வந்தார்கள். ஊரார் குப்பை முழுவதும் எங்கள் தலையில்தானா, புகையும் எங்கள் மூச்சில்தானா என்பது அவர்கள் கேள்வி. அக்கேள்விக்கு விடை சொல்லவேண்டிய கடமை அரசுக்கு மட்டுந்தானா? அந்தக் குப்பையைப் பிரிக்காமல் அனுப்புகின்ற ஒவ்வொரு வீட்டுக்கும் உண்டு.

குழிக்குள் இறங்கும் மனிதன்

குப்பையின் கதையாவது கண்ணுக்குத் தெரிகிறது. மண்ணுக்குள் மறைந்திருக்கும் கதை அதனினும் கொடியது.

பாதாளச் சாக்கடை அடைத்துக்கொள்கிறது. ஏன் அடைத்துக்கொள்கிறது? நாம் அதற்குள் போடக்கூடாத அனைத்தையும் போடுகிறோம். பிரியாணிச் சட்டி கழுவிய கொழுப்பு, எண்ணெய், எலும்புத் துண்டு, துணி, பிளாஸ்டிக், பஞ்சு. கொழுப்பு குளிர்ந்து குழாயின் உட்புறத்தில் மெழுகுபோல் படிகிறது. மற்றவை அதில் சிக்கிக்கொள்கின்றன. நீர் தேங்குகிறது. தேங்கிய கழிவில் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்னும் நச்சுவாயு உருவாகிறது.

இந்த வாயுவின் சூழ்ச்சியை ஒவ்வொருவரும் அறிந்திருக்கவேண்டும். சிறிதளவு இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். மனிதன் எச்சரிக்கையாகி விலகிவிடுவான். அளவு மிகுந்துவிட்டால் முகரும் உணர்வையே அது மரக்கச் செய்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது என்று எண்ணி இறங்குகின்றவன், நாற்றத்தை உணரும் ஆற்றல் தன்னிடம் நின்றுவிட்டதை அறியமாட்டான். காற்றைவிடக் கனமான அவ்வாயு குழியின் அடியில் தங்கிக் காத்திருக்கும். நிமிடங்களில், மிகுதியாக இருப்பின் இரண்டொரு மூச்சுக்குள், மனிதன் சாய்ந்துவிடுகிறான். மேலே நிற்கின்ற தோழன், தம்பி, சில வேளைகளில் பெற்ற தகப்பன், அவனைத் தூக்குவதற்கு இறங்குகிறான். அவனும் திரும்புவதில்லை. இரண்டு பேர், மூன்று பேர் என்று ஒரே குழியில் உயிர்கள் போவதற்கு இதுவே காரணம்.

சட்டம் இல்லாமல் இது நடக்கவில்லை. கையால் மலம் அள்ளும் கொடுமையைத் தடுக்க 1993இல் ஒரு சட்டம் வந்தது. அது போதாதென்று 2013இல் மற்றொரு சட்டம் வந்தது. பாதுகாப்புக் கருவிகள் இன்றி எந்த மனிதனையும் சாக்கடைக் குழியிலோ செப்டிக் டேங்கிலோ நேரடியாகவோ மறைமுகமாகவோ இறக்கிச் சுத்தம் செய்விக்கக் கூடாது என்று அதன் 7ஆம் பிரிவு தடுக்கிறது. மீறினால் முதல் குற்றத்துக்கு 2 ஆண்டுகள் வரை சிறை, அல்லது 2 இலட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மீண்டும் செய்தால் 5 ஆண்டுகள் வரை சிறை, 5 இலட்சம் வரை அபராதம். இது அரசு அலுவலகத்துக்கு மட்டும் எழுதப்பட்ட சட்டம் என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள். இல்லை ஐயா! எந்த ஆளும் என்றே சட்டம் சொல்கிறது. வீட்டுக்காரர், கடைக்காரர், திருமண மண்டபத்தார், பள்ளிவாசல் நிர்வாகி, மதரஸா நடத்துபவர் அனைவரும் அதற்குக் கட்டுப்பட்டவரே.

1993 முதல் இவ்வாறு இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 இலட்சம் ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2014ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் தீர்ப்பளித்தது. 2023ஆம் ஆண்டு அக்டோபரில் அதை 30 இலட்சமாக உயர்த்தியது. தீர்ப்புகள் உயர்ந்தன, சாவுகள் நிற்கவில்லை. நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட கணக்குகளில், 1993 முதல் இவ்வகையில் உயிரிழந்தோர் தொகையில் தமிழ்நாடு முதல் வரிசையில் நின்றது. 200க்கும் மேற்பட்ட உயிர்கள்! கல்வியிலும் தொழிலிலும் முன்னணி என்று மார்தட்டிக்கொள்ளும் மாநிலம், இந்த ஒன்றிலும் முன்னணியில் நிற்கிறது.

இந்த வேலையைச் செய்கின்றவர் யார்? ஊரறிந்த உண்மை. பல தலைமுறைகளாகச் சில சாதியினர் மீதே இது சுமத்தப்பட்டு வந்திருக்கிறது. எடுப்புக் கக்கூஸ் காலத்தில் வாளியைத் தலையில் சுமந்தவரின் பேரன், இன்று கயிற்றை இடுப்பில் கட்டிக் குழியில் இறங்குகிறான். வாளி ஒழிந்தது, வழி ஒழியவில்லை.

நம்மிடம் சாதியில்லை என்று மேடைதோறும் சொல்லிவருகிறோம். அரசனும் ஆண்டியும் தோளோடு தோள் நின்று தொழும் அணிவகுப்பை உலகுக்குக் காட்டுகிறோம். அது உண்மையான பெருமை. அதை எவரும் குறைத்துவிட முடியாது. ஆனால் நம் தெருவைப் பெருக்குகின்ற பெண், நண்பகல் வெயிலில் வாசலில் நின்று தண்ணீர் கேட்டால் எந்தக் குவளையில் கொடுக்கிறோம்? நாம் குடிக்கும் குவளையிலா, அதற்கென்று ஒதுக்கி வைத்த குவளையிலா? அவள் பெயர் நமக்குத் தெரியுமா? இக்கேள்விகளுக்கு ஒவ்வொரு வீடும் தனக்குத் தானே விடை சொல்லிக்கொள்ளட்டும்.

நாம் சொல்லும் சாக்குகள்

இவற்றைச் சொன்னால் உடனே வருகின்ற மறுமொழிகளை அறிவோம். அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

முதலாவது சாக்கு: வரி கட்டுகிறோம், மாநகராட்சி பார்த்துக்கொள்ளட்டும். வரி என்பது சேவைக்குக் கொடுக்கும் பங்குப்பணம். மனித உயிருக்கு விலை கட்டிய கிரயப் பத்திரம் அன்று. மருத்துவருக்குக் கட்டணம் கொடுத்துவிட்டதால் அவர் சொன்ன பத்தியத்தை மீறலாம் என்று எவரேனும் வாதிப்பாரா? வரி கட்டியவன் கேள்வி கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். ஆனால் நாம் கேட்கின்ற கேள்வி என்ன? வண்டி இன்று ஏன் வரவில்லை என்பதுதான். அந்த வண்டியை ஓட்டுகின்றவருக்குக் கையுறை கொடுத்தீர்களா, வார விடுமுறை கொடுத்தீர்களா, முறையான ஊதியம் கொடுத்தீர்களா என்று எந்த வட்டக் கூட்டத்தில் எந்த வரி செலுத்துவோர் கேட்டார்?

2025ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், நம்மவர் நெருங்கி வாழ்கின்ற மண்ணடியை உள்ளடக்கிய இராயபுரம் மண்டலத்திலும், திரு.வி.க. நகர் மண்டலத்திலும் துப்புரவுப் பணி தனியாரிடம் ஒப்படைக்கப்பட்டதை எதிர்த்துத் தொழிலாளர்கள் போராடினார்கள். 1913இல் திறக்கப்பட்ட வெண்ணிற ரிப்பன் மாளிகையின் வெளியே, நடைபாதையில், வெயிலிலும் மழையிலும் 13 நாள்கள் அமர்ந்திருந்தார்கள். பெண்கள் பலர். பணி நிரந்தரம் வேண்டும், கிடைத்துவந்த ஊதியம் குறையக்கூடாது என்பவை அவர்களின் கோரிக்கைகள். பதின்மூன்றாம் நாள் நள்ளிரவில் அவர்களைக் காவல்துறை கைது செய்து அப்புறப்படுத்தியது. அந்தப் பதின்மூன்று நாள்களும் மண்ணடித் தெருவில் குப்பை தேங்கியதைப் பற்றி முணுமுணுத்தோர் உண்டு. அதே தெருவைப் பெருக்கிய கைகள் ஏன் விளக்குமாற்றைக் கீழே வைத்தன என்று கேட்டவர்கள் அவர்களில் எத்தனை பேர்? துப்புரவுப் பணியாளர் என்ற பெயரைத் தூய்மைப் பணியாளர் என்று மாற்றி அழைக்கிறார்கள். பெயர் மாறியது நல்லதே. பெயரைக் கழுவிக் குடித்தால் பசி ஆறுமா?

இரண்டாவது சாக்கு: அவர்களாகவே இறங்குகிறார்கள், காசு கொடுத்தால் வேண்டாமென்கிறார்களா? பசித்தவனின் சம்மதத்தைச் சம்மதமென்று கொள்வது எந்த நியாயத்தில் சேர்த்தி? வட்டிக்குக் கடன் வாங்குகின்றவனும்தான் கையெழுத்துப் போட்டு வாங்குகிறான். அவன் சம்மதித்தான் என்பதால் மார்க்கம் வட்டியை ஆகுமாக்கியதா? தேவையில் இருப்பவனின் இயலாமையைப் பயன்படுத்திக்கொள்வதைத்தானே அது கண்டித்தது? குழிக்குள் இறங்குகின்றவன் சம்மதத்தையும் அதே தராசில் வைத்துப் பாருங்கள். சட்டமும் அவன் சம்மதத்தைப் பொருட்படுத்துவதில்லை. இறங்கச் சொன்னவனையே அது குற்றவாளியாக்குகிறது.

மூன்றாவது சாக்கு: நாங்கள் பிரித்துக் கொடுத்தாலும் வண்டியில் ஒன்றாகத்தானே கொட்டுகிறார்கள்? இதில் உண்மை இல்லாமலில்லை. பிரித்த குப்பையை மீண்டும் கலக்குவது நிர்வாகத்தின் குற்றம். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு தெருவில் நூறு வீடுகளில் ஐந்து வீடுகள் மட்டும் பிரித்துக் கொடுத்தால், அந்த ஐந்துக்காக எவரும் தனி வண்டி அனுப்பமாட்டார்கள். தொண்ணூறு வீடுகள் பிரித்துக் கொடுத்துவிட்டு, எங்கள் கண்முன்னே ஏன் கலக்குகிறீர்கள் என்று ஒன்றுகூடிக் கேட்டால், கலக்குவதற்கு எவருக்கும் துணிவு வராது. மேலும், பிரிக்காத குப்பையைக் கையால் கிளறிப் பிரிப்பவர் யார்? அந்தத் தொழிலாளிதான். உடைந்த கண்ணாடியும் ஊசியும் சோற்றுக்குள் மறைந்திருந்தால் கிழிவது அவர் விரல். வண்டியில் கலந்தாலும் கலக்காவிட்டாலும், அந்த விரலைக் காப்பது நம் வீட்டுக்குள்ளேயே நம் கையில் இருக்கிறது.

நான்காவது சாக்கு: இதெல்லாம் உலக விவகாரம், மார்க்க மேடையில் பேசுவதற்கு இதிலென்ன இருக்கிறது? இதற்கு விரிவாகவே விடை சொல்லவேண்டும்.

மதீனாவில் கூட்டிய ஒரு பெண்

வழியில் கிடக்கும் இடையூறை அகற்றுவது ஈமானின் கிளைகளுள் ஒன்று என்று கற்றுக்கொடுத்தவர் பெருமானார் (ஸல்) அவர்கள். மக்கள் நடக்கும் பாதையிலும், அவர்கள் ஒதுங்கும் நிழலிலும், நீர் எடுக்கும் துறையிலும் அசுத்தம் செய்வதைத் தடுத்தார்கள். இம்மூன்று இடங்களும் எவருக்குச் சொந்தம்? எவருக்கும் தனிச்சொந்தம் இல்லை, எல்லோருக்கும் பொது. தன் உடலையும் தன் உடையையும் பற்றிச் சொன்ன மார்க்கம், பொது இடத்தைப் பற்றியும் அத்துணைக் கண்டிப்போடு சொல்லியிருக்கிறது. முதற்பாதியை மனப்பாடம் செய்துகொண்டு மறுபாதியை மறந்துவிட்டது நம் வசதி.

மதீனாப் பள்ளிவாசலைக் கூட்டிச் சுத்தம் செய்துவந்த ஒரு பெண்ணைப் பற்றிய செய்தியை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அவர் இறந்துபோனார். இரவு நேரத்தில் இதற்காகப் பெருமானாரைத் தொந்தரவு செய்வானேன் என்று தோழர்கள் தாங்களாகவே அடக்கம் செய்துவிட்டார்கள். சில நாள் அவரைக் காணாத நபிகளார், அவர் எங்கே என்று கேட்டார்கள். செய்தியைச் சொன்னபோது, எனக்கு ஏன் அறிவிக்கவில்லை என்று வினவி, அந்த அடக்கத்தலத்தைக் காட்டச் சொல்லி, அங்கே சென்று தொழுதார்கள்.

இச்செய்தியை நாம் பணிவுக்குச் சான்றாகச் சொல்லிக் கண்கலங்கி விட்டுவிடுகிறோம். அதற்குள் ஒரு கண்டனம் இருப்பதைக் கவனித்தோமா? கூட்டுகின்ற ஒருவரின் சாவைச் சிறிய செய்தி என்று கருதிவிட்டார்களே, அந்தக் கருத்தைத்தான் பெருமானார் ஏற்கவில்லை. இன்று நாளிதழின் உட்பக்கத்து மூலையில், விஷவாயு தாக்கி இருவர் சாவு என்ற நான்கு வரிச் செய்தியைப் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டுகிறோமே, அந்தப் புரட்டலுக்கும் இதுதான் பதில். அவருடைய சமயம் எது, சாதி எது என்பது பதிலை மாற்றாது. நம்முடைய கழிவை எடுக்கப்போய் இறந்த மனிதரைப் பற்றி நாளை மறுமையில் கேள்வி வந்தால், அது ஒப்பந்தக்காரரின் ஆள் என்று பதில் சொல்லித் தப்பிவிட முடியுமா?

விழாக்களும் வீண்செலவும்

பழக்கத்தில் இருந்த நல்லவற்றையும் நாமே கைவிட்டோம். நோன்புக் காலத்தில் பள்ளிவாசலுக்குக் கஞ்சி வாங்கப் போகும் சிறுவர் கையில் தூக்குவாளி இருக்கும். வாளி திரும்ப வரும். கழுவி மறுநாள் எடுத்துப் போவார்கள். இன்று கொதிக்கும் கஞ்சியைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி முடிச்சுப் போட்டுக் கொடுப்பதைப் பல இடங்களில் பார்க்கிறோம். காயலிலும் கீழக்கரையிலும் ஒரே சஹனைச் சுற்றி அமர்ந்து உண்ட விருந்தில், மிஞ்சுவதும் குறைவு, எறிவதும் குறைவு. இன்றைய வலீமா விருந்து முடிந்த மண்டபத்தின் பின்புறத்தைச் சென்று பாருங்கள். பாதி குடித்த தண்ணீர்ப் போத்தல்கள், தொடாத சோறு, காகிதத் தட்டுகள், அவற்றின் மேல் ஊற்றிய குழம்பு. சோற்றை வீணாக்குவது பாவம் என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்த கையே, ஒரே இரவில் அண்டா அண்டாவாகக் கொட்டுகிறது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாடு 2019ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் தடை விதித்தது. தடை அரசிதழில் இருக்கிறது. பொருள் பந்தியில் இருக்கிறது.

ஹஜ்ஜுப் பெருநாளில் குர்பானி கொடுப்பது வணக்கம். அதன் இரத்தத்தையும் குடலையும் தெருச் சாக்கடையில் தள்ளுவது எந்த வணக்கத்தில் சேரும்? இறைச்சியின் ஒரு பங்கை ஏழைக்குக் கொடுத்துவிட்டு, கழிவு முழுவதையும் மற்றோர் ஏழையின் கையில் திணிப்பது என்ன ஈகை? பக்கத்து வீட்டு மாற்றுமத அன்பர் மூக்கைப் பொத்திக்கொண்டு நம் தெருவைக் கடக்கும்போது, நம் மார்க்கத்தைப் பற்றி அவர் என்ன எண்ணிக்கொள்வார்? ஆயிரம் சொற்பொழிவுகள் கட்டியெழுப்பிய நன்மதிப்பை ஒரு நாளைய துர்நாற்றம் இடித்துவிடும்.

செய்யக்கூடியவை

குறை சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. நாளைக் காலையிலிருந்தே செய்யக்கூடியவை இருக்கின்றன.

ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு வாளிகள் வைக்கவேண்டும். இதற்குச் சட்டம் படித்திருக்கத் தேவையில்லை. தாய்மார்கள் ஒரு வாரம் மனம் வைத்தால் போதும். உடைந்த கண்ணாடியையும் ஊசியையும் தனியே காகிதத்தில் பொதிந்து அடையாளமிட்டுத் தரவேண்டும். கொழுப்பையும் எண்ணெயையும் குழாயில் ஊற்றாமல் துடைத்து எடுத்துவிடவேண்டும்.

செப்டிக் டேங்கோ சாக்கடையோ அடைத்தால், எக்காரணத்தாலும் மனிதனை இறக்கமாட்டோம் என்று வீட்டுக்கு வீடு உறுதி கொள்ளவேண்டும். உறிஞ்சும் லாரியும், நீரைப் பீய்ச்சி அடைப்பெடுக்கும் வண்டியும் நகரத்தில் இருக்கின்றன. 2018இல் கேரளத்தின் தலைநகரில், ஆள் இறங்காமலே குழியைத் தூர்வாரும் எந்திரன் ஒன்று பணிக்கு வந்துவிட்டது. வழியில்லை என்று சொல்வதற்கு இனி வழியில்லை. வண்டி வர இரண்டு நாளாகுமென்றால் இரண்டு நாள் நாற்றத்தைப் பொறுத்துக்கொள்வோம். ஒரு பிள்ளை தகப்பனை இழப்பதைவிட அது பெரிய துன்பமன்று.

ஜமாஅத்தார் செய்யக்கூடியது இன்னும் பெரிது. நிகாஹ் பதிவேட்டில் கையெழுத்து வாங்கும்போதே, விருந்தில் பிளாஸ்டிக் கூடாது, மிஞ்சும் உணவைக் கொட்டக்கூடாது என்ற நிபந்தனையை விதிக்கலாம். மஹர் பற்றியும் சீர் பற்றியும் கட்டுப்பாடு விதிக்கத் துணிந்த ஜமாஅத்துகள் நம்மிடையே இருந்திருக்கின்றன, இதற்குத் துணியலாகாதா? பெருநாளுக்கு முன்பே மாநகராட்சி அலுவலகத்துக்குச் சென்று, குர்பானிக் கழிவை எடுக்க வண்டியும் இடமும் நேரமும் பேசி முடிக்கலாம். ஆண்டுக்கு ஒரு ஜும்ஆவிலேனும் இமாம்கள் இப்பொருளைப் பேசலாம். பள்ளிவாசலின் செப்டிக் டேங்கைச் சுத்தம் செய்ய வருகின்றவர் எந்த முறையில் செய்கிறார் என்று முத்தவல்லி நேரில் நின்று பார்க்கலாம். இறைவனின் இல்லத்துக்காக ஒரு மனிதன் மூச்சு முட்டினான் என்ற பழி நமக்கு வேண்டாம்.

வட்ட உறுப்பினரிடம் தெருவிளக்கு கேட்கப் போகின்றவர்கள், நம் தெருவில் பணிசெய்வோர்க்குக் கையுறையும் காலணியும் கிடைத்தனவா, ஊதியம் ஒழுங்காக வருகிறதா என்றும் சேர்த்துக் கேட்கவேண்டும். ஓட்டு கேட்டு வாசலுக்கு வருகின்ற எல்லாக் கட்சியாரிடமும், இனி ஒருவரும் குழியில் சாகாதிருக்க உங்கள் திட்டம் என்ன என்று கேட்கவேண்டும். கேட்கப்படாத கேள்விக்கு எந்த அரசும் விடை எழுதியதில்லை.

நம் பிள்ளைகளுக்கு உளூச் செய்யும் முறையைச் சொல்லித் தருகிறோம். நீரை அளவோடு எடுக்கவேண்டும், முறைப்படி கழுவவேண்டும் என்று சொல்கிறோம். அதே பாடத்தில் இதையும் சேர்த்துச் சொல்வோம்: நீ கழுவிய நீர் ஒரு குழாயில் போகிறது, அந்தக் குழாயின் மறுமுனையில் ஒரு மனிதன் இருக்கிறான், அவன் நலமாக வீடு திரும்புவதும் உன் தூய்மையைச் சேர்ந்ததுதான். இப்பாடத்தைக் கற்ற தலைமுறை, அடைத்துக்கொண்ட குழியின் மூடியைத் திறந்து, இறங்கு என்று இன்னொரு மனிதனைப் பார்த்துச் சொல்லாது.